லைப்ரரி காணோம் என்று கம்பைல் நின்றால்: ஐந்து வழிகளில் எது யாருக்கு?

“ணா, ஜாங்கோ ப்ராஜெக்டுக்கு மைஎஸ்க்யூஎல்கிளையன்ட் போட்டா ஒரு பக்கத்துக்கு செகப்பு செகப்பா எர்ரர் வருது. சார் ஏதோ டெவ் பேக்கேஜ் போடுன்னாரு. ஃப்ரெண்டு கோண்டா போடுன்றான். வீடியோல பாத்தா டாக்கர் போட்டா எல்லாம் செட்டாயிடும்ன்றாங்க. இன்னாணா பண்றது?”

வியாசர்பாடி, தண்டையார்பேட்டை, திருவொற்றியூர் பக்கம் லினக்ஸ் கற்றுக்கொள்ளும் தம்பி தங்கைகளிடமிருந்து இந்தக் கேள்வி ஏதாவதொரு வடிவில் வந்துகொண்டே இருக்கிறது. மூன்று ஆலோசனையிலும் நியாயம் உண்டு. ஆனால் இணையத்தில் கிடைக்கும் ஆலோசனைகளில் பெரும்பாலானவை ஃபைபர் இணைப்பும் 16 ஜிபி ரேமும் உள்ளவர்கள் எழுதியவை. இங்கே பலர் கையில் இருப்பது ரிச்சி தெருவில் வாங்கிய செகண்ட் ஹேண்ட் லேப்டாப், இல்லையென்றால் அக்காவோ அண்ணனோ படித்தபோது அரசு கொடுத்த விலையில்லா லேப்டாப். ரேம் 4 ஜிபி. நெட் என்றால் போன் ஹாட்ஸ்பாட். ஒரு நாளுக்கு 1.5 அல்லது 2 ஜிபி, அதிலும் வீட்டில் இன்னும் இரண்டு பேருக்குப் பங்கு. இந்த நிலைமையை வைத்துத்தான் இங்கே எடை போடுகிறேன்.

என் முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் டிஸ்ட்ரோ (உபுண்டு, டெபியன், ஃபெடோரா மாதிரியான லினக்ஸ் வகை) தரும் டெவ் பேக்கேஜில் தொடங்குங்கள். மற்ற நான்கு வழிகள்: ரெடிமேட் வீல் (முன்பே கம்பைல் செய்து வைத்த பைத்தான் பேக்கேஜ்), கோண்டா (ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே எல்லாவற்றையும் போடும் பேக்கேஜ் கருவி), சோர்ஸ் நிரலிலிருந்து நாமே கட்டுவது, டாக்கர் மாதிரியான கன்டெய்னர் (தனக்கென ஒரு சிஸ்டத்தையே உள்ளே வைத்திருக்கும் பெட்டி). இவற்றுக்குப் போக உறுதியான ஒரு காரணம் வேண்டும். அந்தக் காரணங்கள் எவை என்பதுதான் கட்டுரையின் மீதிப் பகுதி. (கட்டளைகளின் பெயர்களைத் தமிழ் எழுத்தில் தந்திருக்கிறேன். டெர்மினலில் அடிக்கும்போது ஆங்கிலச் சிற்றெழுத்தில் அடியுங்கள்.)

## எந்த இடத்தில் நின்றது என்று முதலில் பாருங்கள்

‘லைப்ரரி இல்லை’ என்று நாம் பொதுவாகச் சொல்வது மூன்று தனித்தனிச் சிக்கல்கள். எது என்று தெரியாமல் வழியைத் தேர்ந்தெடுத்தால் டேட்டாதான் வீணாகும்.

ஒன்று, கம்பைல் கட்டத்தில் நிற்பது. ‘ஃபேட்டல் எர்ரர்: பைத்தான்.ஹெச்: நோ சச் ஃபைல் ஆர் டைரக்டரி’ என்று வரும். காணாமல் போயிருப்பது ஹெடர் ஃபைல், அதாவது லைப்ரரியில் என்னென்ன இருக்கிறது என்று கம்பைலருக்குச் சொல்லும் ஃபைல்.

இரண்டு, லிங்க் கட்டத்தில் நிற்பது. ‘கேனாட் ஃபைண்ட் -எல்எஸ்எஸ்எல்’ என்று எல்டி என்ற லிங்கர் (கம்பைல் ஆன துண்டுகளை லைப்ரரியோடு இணைக்கும் கருவி) கத்தும். இங்கேதான் பலரும் குழம்புகிறார்கள்: “லிப்எஸ்எஸ்எல் ஏற்கெனவே இருக்கே, அப்புறம் ஏன்?” இருக்கிறது, உண்மைதான். ஓப்பன்எஸ்எஸ்எல் என்ற மறைகுறியாக்க லைப்ரரியின் ரன்டைம் பேக்கேஜ் (புரோகிராமை ஓட்ட மட்டும் தேவையானது) உங்கள் சிஸ்டத்தில் வைத்திருக்கும் ஃபைலின் பெயர் ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3’. லிங்கர் தேடுவதோ பின்னால் எண் இல்லாத ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ’. அந்த எண்ணில்லாத பெயர் ஒரு சிம்லிங்க் (வேறொரு ஃபைலைச் சுட்டும் பெயர்) மட்டுமே. அது ஹெடர் ஃபைல்களோடு சேர்ந்து லிப்எஸ்எஸ்எல்-டெவ் என்ற தனிப் பேக்கேஜில் வருகிறது. புரோகிராமை ஓட்ட மட்டும் செய்பவருக்கு ஹெடர் தேவையில்லை என்பதால் டெபியனும் உபுண்டுவும் இப்படிப் பிரித்து வைத்திருக்கின்றன. ஃபெடோராவிலும் இதே பிரிவுதான், பெயரின் கடைசியில் ‘டெவெல்’ என்று இருக்கும். ஆர்ச் லினக்ஸில் பிரிப்பதில்லை.

மூன்று, கம்பைல் முழுதாக முடிந்து, ஓட்டும்போது நிற்பது. ‘எர்ரர் வைல் லோடிங் ஷேர்டு லைப்ரரீஸ்’ என்று தொடங்கும். இதற்கு டெவ் பேக்கேஜ் தேவையில்லை. ரன்டைம் லைப்ரரி இல்லை, அல்லது லோடர் (புரோகிராம் தொடங்கும்போது லைப்ரரிகளை ஏற்றுவது) தேடும் இடத்தில் இல்லை. எல்டிடி என்ற கட்டளையைப் புரோகிராமின் மேல் ஓட்டினால் எது ‘நாட் ஃபவுண்ட்’ என்று வரிசையாகக் காட்டும். எங்கிருந்தோ இறக்கிய, நம்பிக்கையில்லாத புரோகிராமின் மேல் மட்டும் எல்டிடி ஓட்டாதீர்கள். சில சூழ்நிலைகளில் அது அந்தப் புரோகிராமையே இயக்கிவிடக்கூடும். ஆப்ஜ்டம்ப் -பி என்று கொடுத்து ‘நீடட்’ என்று தொடங்கும் வரிகளைப் பார்த்தால் போதும்.

இந்த மூன்றிலும் சேராத ஒன்று உண்டு. ‘அண்டிஃபைண்ட் ரெஃபரன்ஸ்’ என்று வந்தால் லைப்ரரி இருந்தும் லிங்கரிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம், அல்லது முன்பின் மாற்றிச் சொல்லியிருக்கலாம். உபுண்டுவின் ஜிசிசியில் வரிசை முக்கியம்: உங்கள் சி ஃபைல் முதலில், -எல்எம் மாதிரியானவை கடைசியில். இதற்கு எதையும் இன்ஸ்டால் செய்ய வேண்டாம்.

## எதை வைத்து எடை போடுவது

டேட்டா எவ்வளவு போகும், டிஸ்கில் எவ்வளவு இடம் பிடிக்கும், ரூட் அனுமதி வேண்டுமா, பிடிக்காவிட்டால் தடமில்லாமல் கழற்ற முடியுமா: இந்த நான்கும் எல்லோரும் பார்ப்பவை. ஐந்தாவதுதான் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. நாளை அந்த லைப்ரரியில் பாதுகாப்பு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டால், அதை அடைக்கும் பொறுப்பு யாருடையது? ஓப்பன்எஸ்எஸ்எல்லில் ஹார்ட்ப்ளீட் ஓட்டை 2014 ஏப்ரலில் வெளியானபோது, டிஸ்ட்ரோ பேக்கேஜ் வைத்திருந்தவர்கள் அப்டேட் போட்டு சர்வீஸ்களை மறுபடி தொடங்கினார்கள், முடிந்தது. தாமே சோர்ஸிலிருந்து கட்டி வைத்தவர்கள் எங்கெங்கே கட்டினோம் என்று நினைவுபடுத்தி ஒவ்வொன்றாக மறுபடி கட்ட வேண்டியிருந்தது.

| வழி | டேட்டா | ரூட் | ஓட்டையை அடைப்பது யார் | கழற்றுவது |
|---|---|---|---|---|
| டிஸ்ட்ரோ டெவ் பேக்கேஜ் | குறைவு | வேண்டும் | டிஸ்ட்ரோ | எளிது |
| ரெடிமேட் வீல் | குறைவு | வேண்டாம் | வீல் கட்டியவர். புதியதை இறக்க வேண்டியது நீங்கள் | எளிது |
| கோண்டா | அதிகம் | வேண்டாம் | சேனல் (பேக்கேஜ்களைத் தரும் கிடங்கு). அப்டேட் கொடுக்க வேண்டியது நீங்கள் | ஃபோல்டரை நீக்கினால் போதும் |
| சோர்ஸ் | குறைவு; நேரம் அதிகம் | ஹோமில் போட்டால் வேண்டாம் | முழுக்க நீங்கள் | போட்ட விதத்தைப் பொறுத்தது |
| கன்டெய்னர் | மிக அதிகம் | டாக்கருக்கு வேண்டும் | இமேஜை மறுபடி கட்டும்வரை யாருமில்லை | எளிது |

## டிஸ்ட்ரோவின் டெவ் பேக்கேஜ்

மேலே கேட்ட மைஎஸ்க்யூஎல்கிளையன்ட்டையே (பைத்தானை மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸோடு இணைக்கும் லைப்ரரி) எடுத்துக்கொள்வோம். லினக்ஸுக்கு பைபிஐயில் (பைத்தான் பேக்கேஜ்களின் இணையக் கிடங்கு) ரெடிமேட் வீல் இல்லாததால், பைத்தான் பேக்கேஜ்களைப் போடும் கருவியான பிப் அதை உங்கள் மெஷினிலேயே கம்பைல் செய்யப் பார்க்கிறது. நீளமான செகப்பு எர்ரரில் உருப்படியான வரி ஒன்றுதான்: ‘கேன் நாட் ஃபைண்ட் வேலிட் பிகேஜி-கான்ஃபிக் நேம்’. உபுண்டுவில் இதற்குத் தேவையானவை நான்கு: பைத்தான்3-டெவ், டிஃபால்ட்-லிப்மைஎஸ்க்யூஎல்கிளையன்ட்-டெவ், பில்ட்-எசென்ஷியல், பிகேஜி-கான்ஃபிக். ஆப்ட் இன்ஸ்டால் கொடுத்து இந்த நான்கையும் போட்டுவிட்டு பிப்பை மறுபடி ஓட்டினால் வேலை முடிந்தது. இன்னும் சுருக்கமான வழியும் இருக்கிறது: பைத்தான்3-மைஎஸ்க்யூஎல்டிபி என்ற பேக்கேஜை ஆப்டிலேயே போட்டால் கம்பைலே வேண்டாம். வெர்ச்சுவல் என்விரான்மென்ட் (ஒரு ப்ராஜெக்டுக்கென்று தனியாக வைக்கும் பைத்தான் சூழல்) பயன்படுத்துகிறவர்கள் அதை உருவாக்கும்போது ‘சிஸ்டம்-சைட்-பேக்கேஜஸ்’ என்ற தேர்வைச் சேர்க்க வேண்டும்.

எந்த ஃபைல் எந்தப் பேக்கேஜில் இருக்கிறது என்று தெரியவில்லையா? ஆப்ட்-ஃபைல் என்ற கருவி சொல்லும், ஆனால் முதல்முறை பட்டியலை இறக்கவே சில பத்து எம்பி எடுத்துக்கொள்ளும். டேட்டா தீரும் நிலையில் இருந்தால் போன் பிரவுசரில் பேக்கேஜஸ்.உபுண்டு.காம் அல்லது பேக்கேஜஸ்.டெபியன்.ஆர்க் போய், பேக்கேஜ்களின் உள்ளடக்கத்தில் தேடும் பெட்டியில் ஹெடர் ஃபைலின் பெயரைப் போடுங்கள். உங்கள் ரிலீஸ் எது என்பதைச் சரியாகத் தேர்ந்தெடுப்பது முக்கியம்.

பெயர்களில் சில வழுக்கல்கள் உண்டு. ஸெட்லிப்புக்கு ‘ஸெட்லிப்1ஜி-டெவ்’ என்று பெயர். கர்லுக்கு ஓப்பன்எஸ்எஸ்எல் வகை, ஜிஎன்யூடிஎல்எஸ் வகை என்று இரண்டு டெவ் பேக்கேஜ்கள்; ஒன்றைப் போட்டால் மற்றது கழன்றுவிடும். உங்கள் மென்பொருள் எதைக் கேட்கிறது என்று ரீட்மீயில் பார்த்துவிட்டுப் போடுங்கள். ஒரு மென்பொருளுக்குத் தேவையான எல்லாவற்றையும் ஒரே அடியில் இறக்க ஆப்ட் பில்ட்-டெப் உதவும். ஆனால் ஆவணங்களைக் கட்டும் கருவிகள் வரை சேர்த்து இழுத்துவரும். எத்தனை எம்பி இறக்கப்போகிறது என்று ஆப்ட் முன்கூட்டியே காட்டும். அந்த வரியைப் படிக்காமல் ஒய் அழுத்த வேண்டாம்.

மறைந்திருக்கும் செலவு என்னவென்றால், பதிப்பு பழையதாக இருக்கும். டெபியன் 12-ல் இருப்பது, 2023 ஜூனில் அது வெளியாவதற்கு முன்பே உறைந்த பதிப்புகள். மென்பொருள் ‘இதைவிடப் புதியது வேண்டும்’ என்று அடம்பிடித்தால் இந்த வழி அத்துடன் முடிகிறது. ஆனால் அந்தப் பழமையே காவலாகவும் இருந்திருக்கிறது. 2024 மார்ச்சில் எக்ஸ்இசட் லைப்ரரியின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் பின்வாசல் கண்டுபிடிக்கப்பட்டபோது டெபியனின் டெஸ்டிங், அன்ஸ்டேபிள் கிளைகள் வரை அது வந்துவிட்டிருந்தது, ஸ்டேபிளைத் தொடவில்லை. உபுண்டுகாரர்கள் இன்னொன்றும் கவனிக்க வேண்டும்: ‘யுனிவர்ஸ்’ பகுதியில் உள்ள பேக்கேஜ்களுக்கு முழுமையான பாதுகாப்புத் திருத்தம் உபுண்டு ப்ரோவில் பதிந்தால்தான் கிடைக்கும். தனிநபர்களுக்கு 5 மெஷின் வரை அது இலவசம்.

## ரெடிமேட் வீல்

கம்பைலே வேண்டாம் என்பவர்களுக்கு. பில்லோ, எல்எக்ஸ்எம்எல், நம்பை போன்றவற்றுக்கு மெனிலினக்ஸ் வீல்கள் (பெரும்பாலான டிஸ்ட்ரோக்களில் ஓடும்படி கட்டியவை) தயாராக இருக்கின்றன. தேவையான லைப்ரரிகள் உள்ளேயே அடைக்கப்பட்டிருக்கும். அப்படியிருந்தும் பிப் கம்பைல் செய்யத் தொடங்கினால், உங்கள் பிப் மிகப் பழையது, அல்லது உங்கள் பைத்தான் பதிப்புக்கு வீல் இன்னும் வரவில்லை என்று பொருள். முதலில் பிப்பைப் புதுப்பித்துப் பாருங்கள். டெபியன் 12-லும் புதிய உபுண்டுவிலும் சிஸ்டம் பைத்தானுக்குள் பிப் நேரடியாகப் போடவிடாது. வெர்ச்சுவல் என்விரான்மென்ட் உருவாக்கி அதற்குள் போடுங்கள். அந்தத் தடையை உடைக்கும் தேர்வைச் சில வீடியோக்கள் சொல்லித்தருகின்றன. வேண்டாம், ஆப்ட் போட்டதும் பிப் போட்டதும் ஒன்றோடொன்று மோதும்.

சைக்கோபிஜி2-பைனரி (போஸ்ட்கிரெஸ் டேட்டாபேஸுக்கான பைத்தான் லைப்ரரியின் வீல்) இந்த வழியின் நல்லதையும் கெட்டதையும் சேர்த்தே காட்டும். கற்றுக்கொள்ளும்போது அருமை. ஆனால் அது தன் சொந்த ஓப்பன்எஸ்எஸ்எல்லை உள்ளே சுமந்து வருகிறது; ஆப்டில் நீங்கள் போடும் பாதுகாப்பு அப்டேட் அதைத் தொடாது. நிஜ சர்வரில் சோர்ஸிலிருந்து கட்டிய சைக்கோபிஜி2-ஐயே பயன்படுத்தச் சொல்லி அதன் ஆவணமே அறிவுறுத்துகிறது.

## கோண்டா

கல்லூரி லேபில் உட்கார்ந்திருக்கிறீர்கள், சூடோ பாஸ்வேர்டு சாரிடம் மட்டும்தான் இருக்கிறது. இந்த நிலைமைக்கு கோண்டா தங்கமான வழி. ஹோம் ஃபோல்டருக்குள்ளேயே கம்பைலர், ஹெடர், லைப்ரரி எல்லாம் வந்துவிடும்; வேண்டாமென்றால் ஒரே ஃபோல்டரை நீக்கினால் போதும். மினிஃபோர்ஜைத் தேர்ந்தெடுங்கள், அது இலவசமான கோண்டா-ஃபோர்ஜ் சேனலை எடுத்துக்கொள்ளும். அனகோண்டா நிறுவனத்தின் டிஃபால்ட் சேனலுக்கு 200 பேருக்கு மேல் வேலை பார்க்கும் நிறுவனங்கள் கட்டணம் செலுத்த வேண்டும். வேலைக்குச் சேர்ந்த பிறகு பழக்கதோஷத்தில் அதைப் போட்டுவிட்டால் உங்கள் கம்பெனிக்குத்தான் சிக்கல்.

டேட்டா பக்கம் இது கொஞ்சம் பசியெடுத்த வழி. இன்ஸ்டாலரோடு நிற்காது, நாலு என்விரான்மென்ட் உருவாக்கினால் ஜிபி கணக்கில் இடம் போகும். லேபில் ஹோம் ஃபோல்டருக்கு வரம்பு வைத்திருந்தால் சீக்கிரமே முட்டும். அதைவிடத் தொல்லையானது கலப்படம். கோண்டா என்விரான்மென்ட் செயலில் இருக்கும்போதே சிஸ்டம் ஹெடர்களை வைத்து எதையாவது கம்பைல் செய்தால், லிங்க் ஒரு பக்கமும் ரன்டைம் இன்னொரு பக்கமும் இழுக்கும். ‘ஜிலிப்சிஎக்ஸ்எக்ஸ்_3.4.30 நாட் ஃபவுண்ட்’ என்ற எர்ரர் பல நேரம் இப்படித்தான் வருகிறது. டெர்மினல் திறந்தவுடன் பேஸ் என்விரான்மென்ட் தானாக ஏறுவதை அணைத்து வையுங்கள். சொந்த லேப்டாப்பில் ரூட் அனுமதி இருப்பவர்களுக்கு நான் கோண்டாவைச் சொல்வதில்லை. டேட்டா சயின்ஸ் படிப்பவர்கள் விதிவிலக்கு. அவர்களுக்கு வேண்டிய கனமான லைப்ரரிகள் ஒன்றோடொன்று பொருந்தும்படி அங்கே கிடைக்கின்றன.

## சோர்ஸிலிருந்து கட்டுவது

டிஸ்ட்ரோவில் பதிப்பு பழையது, வீலும் இல்லை என்றால் இது. கற்றுக்கொள்ள விரும்புகிறவர்களுக்கும் இதைவிட நல்ல பள்ளி இல்லை. கான்ஃபிகர், மேக், மேக் இன்ஸ்டால் என்று மூன்று அடி மட்டுமே என்று தோன்றும், ஆனால் ஒவ்வோர் அடியிலும் ஒரு முடிவு எடுக்க வேண்டும்.

எங்கே போடுவது? ப்ரிஃபிக்ஸ் (எந்த ஃபோல்டரில் போட வேண்டும் என்ற தேர்வு) எதுவும் கொடுக்காவிட்டால் யூஎஸ்ஆர் லோக்கலில் போய் உட்காரும். டெபியன், உபுண்டுவில் லோடர் அந்த இடத்தைப் பார்க்கும். போட்ட பிறகு எல்டிகான்ஃபிக் (லோடரின் பட்டியலைப் புதுப்பிக்கும் கட்டளை) ஓட்ட மறந்ததால்தான் ‘எர்ரர் வைல் லோடிங்’ வரும். ஃபெடோராவில் அந்த இடம் லோடரின் பட்டியலிலேயே இருக்காது, நாம்தான் சேர்க்க வேண்டும். நான் பரிந்துரைப்பது ஹோமுக்குள் ஒவ்வொன்றுக்கும் ஒரு தனி ஃபோல்டர். அப்போது இன்னொரு மென்பொருளைக் கம்பைல் செய்யும்போது பிகேஜி_கான்ஃபிக்_பாத் வழியாக அந்த இடத்தைக் காட்டலாம். ஓட்டும்போதும் கண்டுபிடிக்க லிங்க் கட்டத்திலேயே ஆர்பாத் (லைப்ரரி இருக்கும் இடத்தைப் புரோகிராமுக்குள்ளேயே பதிக்கும் குறிப்பு) எழுதிவிடலாம். லோடர் தேடும் இடத்தை மாற்றும் எல்டி_லைப்ரரி_பாத்தை, டெர்மினல் திறக்கும்போதெல்லாம் படிக்கப்படும் பாஷ்ஆர்சி ஃபைலில் நிரந்தரமாக எழுதி வைப்பதை மட்டும் செய்யாதீர்கள். அது நீங்கள் திறக்கும் எல்லாப் புரோகிராமையும் பாதிக்கும்.

பைத்தானைச் சோர்ஸிலிருந்து கட்டுகிறவர்கள் ஒன்றைக் கண்டிப்பாகக் கவனிக்க வேண்டும். லிப்எஸ்எஸ்எல்-டெவ், லிப்எஃப்எஃப்ஐ-டெவ், லிப்எஸ்க்யூலைட்3-டெவ் இல்லாவிட்டாலும் கான்ஃபிகர் பச்சைக்கொடி காட்டும், மேக்கும் முடிந்துவிடும். ‘இந்த மாட்யூல்களைக் கட்டத் தேவையானவை கிடைக்கவில்லை’ என்ற பொருளில் கடைசியில் ஒரு சின்னப் பத்தி மட்டும் ஓடிப்போகும். பல நாள் கழித்து பிப் ‘எஸ்எஸ்எல் மாட்யூல் இஸ் நாட் அவைலபிள்’ என்று நிற்கும்போது யாருக்கும் காரணம் நினைவிருக்காது. டெவ் பேக்கேஜைப் பிறகு போட்டால் மட்டும் சரியாகாது. கான்ஃபிகரிலிருந்து மறுபடி கட்ட வேண்டும். இன்ஸ்டால் செய்யும்போது மேக் ஆல்ட்இன்ஸ்டால் என்று கொடுத்தால் பைத்தான்3 என்ற பெயரைத் தொடாமல் 3.13 போன்ற பதிப்பெண்ணோடு மட்டும் அமரும்.

4 ஜிபி ரேம் மெஷினில் மேக் -ஜே என்று எண் கொடுக்காமல் விட்டால், ஓப்பன்சிவி மாதிரியான பெரிய சி++ மென்பொருளில் ரேம் நிரம்பி ‘கில்டு’ என்று ஒரு சொல்லோடு நின்றுவிடும். அது லைப்ரரிச் சிக்கல் இல்லை. -ஜே2 போதும்.

ஜிலிப்சியை (கிட்டத்தட்ட எல்லாப் புரோகிராமும் நம்பியிருக்கும் அடிப்படை சி லைப்ரரி) மட்டும் எக்காரணம் கொண்டும் சிஸ்டத்தில் மாற்றிக் கட்டாதீர்கள். எல்எஸ் கட்டளைகூட ஓடாத நிலை வரும்.

## டாக்கர், பாட்மேன்

வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் ஒரு ஜவுளிக்கடை என்று வைத்துக்கொள்ளுங்கள். பில் போடும் பழைய புரோகிராம் ‘லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.1.1’ கேட்கிறது, எழுதிக் கொடுத்தவர் தொடர்பில் இல்லை. கடையின் மெஷினை உபுண்டு 22.04-க்கு மாற்றியதும் அது ஓடவில்லை, ஏனென்றால் அந்தப் பதிப்பிலிருந்து ஓப்பன்எஸ்எஸ்எல் 3 மட்டும்தான். இங்கே கன்டெய்னர்தான் நேர்மையான விடை: உள்ளே உபுண்டு 20.04, அதற்குள் பழைய புரோகிராம், வெளியுலக இணைப்பு இல்லாமல். ஓப்பன்எஸ்எஸ்எல் 1.1.1-க்கான பொது ஆதரவு 2023 செப்டம்பர் 11-ல் முடிந்துவிட்டதால் கடைசி நிபந்தனை ரொம்ப முக்கியம். புதிய மென்பொருளுக்கு மாறும்வரை தாக்குப்பிடிக்க மட்டுமே இது.

குழுவாக ப்ராஜெக்ட் செய்யும்போது எல்லோர் மெஷினிலும் ஒரே மாதிரி கம்பைல் ஆக வேண்டும் என்றாலும் இதுவே சரி. ஆனால் பைத்தானின் முழு இமேஜ் டிஸ்கில் சுமார் 1 ஜிபி பிடிக்கும். டாக்கர்ஃபைலில் (இமேஜை எப்படிக் கட்டுவது என்று எழுதி வைக்கும் ஃபைல்) மேலே ஒரு வரியை மாற்றினால் அதற்குக் கீழே உள்ளதெல்லாம் மறுபடி ஓடும், ஆப்ட் மறுபடி இறக்கும். ஹாட்ஸ்பாட்டில் ஒரு மாலை நேரத்திலேயே அன்றைய டேட்டா காலியாகும். முன்சொன்ன நான்கு டெவ் பேக்கேஜ்கள் எங்கேயும் மறைந்துவிடுவதும் இல்லை; அவற்றையே டாக்கர்ஃபைலுக்குள் எழுத வேண்டும். ஆகவே கற்கும் கட்டத்தில் இதில் தொடங்குவது இரட்டை வேலை. இன்னொன்று: டாக்கர் குரூப்பில் ஒருவரைச் சேர்ப்பது ரூட் கொடுப்பதற்குச் சமம். லேபில் போடுவதானால் டாக்கர் செய்யும் அதே வேலையை ரூட் இல்லாமல் செய்யும் பாட்மேனைக் கேளுங்கள்.

## தேர்விலேயே சேர்க்கக் கூடாதவை

லிப்எஸ்எஸ்எல்.எஸ்ஓ.3-க்கு 1.1 என்று பெயர் வைத்து ஒரு சிம்லிங்க் போடச் சொல்லும் பதில்கள் தேடலில் மேலேயே வரும். பதிப்பெண் மாறியதே உள்ளமைப்பு மாறியதால்தான். ஓப்பன்எஸ்எஸ்எல் விஷயத்தில் ‘வெர்ஷன் ஓப்பன்எஸ்எஸ்எல்_1_1_0 நாட் ஃபவுண்ட்’ என்று உடனே பிடிபட்டுவிடும், அதுவரை நல்லது. இப்படிப் பதிப்புக் குறி வைக்காத லைப்ரரிகளில் புரோகிராம் ஓடத் தொடங்கி, நடுவில் தப்பான கணக்கைக் காட்டும் அல்லது செயலிழக்கும். பெயர் தெரியாத தளத்திலிருந்து டெப் ஃபைல் இறக்கி சூடோ போட்டு இன்ஸ்டால் செய்வதும் இதே வகை. அந்த ஃபைலின் ஸ்கிரிப்ட் ரூட்டாக ஓடும்.

## அப்படியும் நின்றால்

யாரிடமாவது கேட்கும்போது கடைசி வரியின் ஸ்கிரீன்ஷாட்டை அனுப்பாதீர்கள். கடைசியில் இருப்பது பெரும்பாலும் ‘மேக்: எர்ரர் 1’ மட்டுமே; முதல் எர்ரர் அதற்கு மேலே எங்கோ இருக்கும். கட்டளைக்கு முன்னால் எல்சி_ஆல்=சி சேர்த்து ஓட்டினால் செய்தி ஆங்கிலத்தில் வரும், தேட எளிது. டிஸ்ட்ரோவும் பதிப்பும், நீங்கள் கொடுத்த கட்டளை, முதல் எர்ரரும் அதற்கு முந்தைய பத்து வரியும் எழுத்தாக அனுப்புங்கள். கான்ஃபிகர் கட்டத்திலேயே நின்றிருந்தால் அதே ஃபோல்டரில் கான்ஃபிக்.லாக் என்ற ஃபைல் இருக்கும். அதில் ‘எர்ரர்:’ என்று தேடி, முதலில் வரும் இடத்தைச் சுற்றியுள்ள வரிகளையும் சேர்த்து அனுப்புங்கள். எந்தச் சோதனை நிரலைக் கம்பைல் செய்து பார்த்தது, எந்த ஹெடரில் தடுக்கியது என்று அங்கே அப்படியே எழுதியிருக்கும்.